பெர்லின் போற பேராண்டிக்கு

வா எய்யா, திண்ணைல உக்காரு. பெட்டிய வாசல்ல வைக்காத, கோழி ஏறிரும். உங்கம்மா நேத்தே போன்ல சொல்லிட்டா: "எப்பா, உங்க பேரன் ஜெர்மனிக்குப் போறான், ரயில்வே மாநாட்டுக்கு." அவ போட்ட சத்தத்துக்கு ஜெர்மனிக்காரனுக்கே கேட்டிருக்கும். எனக்கும் சந்தோசந்தான். நானும் ரயில்வேக்காரன்தான. கீமேனா மட்டும் இருவத்தஞ்சு வருசம், தெனம் ஆறு கிலோமீட்டர் தண்டவாளத்த மிதிச்சிருக்கேன். கூட்டிப் பாத்தா பூமிய ஒரு சுத்துச் சுத்தி மிச்சமும் வரும். அத்தனையும் கடம்பூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவுலயே சுத்தி முடிச்சிட்டேன். நீ ஒரே ராத்திரில பெர்லின்ல போயி எறங்குத. படிச்ச புள்ளை.

அந்தக் காகிதத்தக் காட்டு. இன்னோட்ரான்ஸ். மாத்திரை பேரு மாதிரில்லா இருக்கு. சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?

சிரிக்காத, விவரமும் எனக்குத் தெரியும். ரிட்டயரான இன்ஸ்பெக்டர் ஐயா ஒருத்தர் சாயங்காலம் இந்தத் திண்ணைக்கு வருவாரு. அவருக்குக் கேக்க ஆளு வேணும், எனக்குக் கதை வேணும். 1996ல தொடங்குனதாம். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க, செப்டம்பர்ல நாலு நாள். 2024ல 59 நாட்டுலருந்து மூவாயிரத்துக்குக் கிட்டக் கம்பெனி வந்து கடை போட்டிருக்கு. பாக்க வந்த கூட்டம் 1,70,000 பேரு போல. கழுகுமலைப் பங்குனித் திருவிழான்னு வச்சுக்கோ, தேருக்குப் பதிலா எஞ்சின். மைதானத்துக்குள்ளயே மூணரை கிலோமீட்டர் தண்டவாளம் போட்டு, புது வண்டியெல்லாம் வரிசையா நிறுத்திருப்பாங்களாம். மூணரை கிலோமீட்டர்னா என் பீட்டுல பாதிக்குக் கொஞ்சம் கூட. அத நடந்து பாக்க டிக்கெட் வாங்கணுமாம். எனக்கு நடக்கதுக்குச் சம்பளம் குடுத்தாங்க. யாரு கெட்டிக்காரன்னு நீயே சொல்லு.

நான் ஒரு மாநாட்டுக்குப் போயிருக்கேன், தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. அது போதும்.

ஒரு மார்கழி மாசம், விடியக்காலம் நாலரை இருக்கும். குளிருக்குத் தண்டவாளம் சுருங்கும். நீளமா ஒட்டிப் போட்ட தண்டவாளத்துக்குச் சுருங்க எடம் ஏது? எங்க வெல்டு சொத்தையோ அங்கன விட்டுரும். அப்படி ஒரு வெல்டு விட்டு, என் சுண்டுவிரல் போற அளவுக்கு வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. வண்டி வர நேரம். சிவப்பு விளக்க அங்கன நட்டுட்டு ஓடுனேன். 600 மீட்டர்ல ஒரு பட்டாசு, 1200 மீட்டர்ல பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூணு பட்டாசு, தண்டவாளத்து மேல மாட்டணும். சிவகாசிப் பட்டாசு இல்லை. சக்கரம் ஏறுனா வெடிக்கிற டெட்டனேட்டர். மாட்டிட்டு நிமிர்றதுக்கும் லைட்டு வெளிச்சம் தெரியதுக்கும் சரியா இருந்துது. வண்டி நின்னுட்டு. டிரைவர் எறங்கி வந்து ஒண்ணும் பேசல. ஒரு பீடியப் பத்தவச்சு என் கைல குடுத்தாரு. எனக்குக் கெடச்ச மரியாதைல பெருசு அதுதான்.

நாலு மாசங் கழிச்சு ஒரு பெரிய ஊர்ல கருத்தரங்கு. ஊரு பேரு வேண்டாம், அங்கயும் நமக்குக் கொண்டான் குடுத்தான் இருக்கு. பாதுகாப்பு, நேரந்தவறாமை, இந்த ரெண்டப் பத்தியும் பேசுதாங்களாம், எனக்கு ஒரு பரிசு தாராங்களாம். பத்து மணிக்குக் கூட்டம். நேரந்தவறாமையப் பத்திப் பேச வேண்டிய பெரியவரு பத்து அம்பதுக்கு வந்தாரு. அப்புறம் குத்துவிளக்கு. மேல ஏசிக் காத்து, கீழ தீக்குச்சி. எட்டுக் குச்சி செலவு. அஞ்சு முகத்துக்கு அஞ்சு ஆபீசர் கணக்குப் பண்ணி வச்சிருந்தா, ஆறாவதா ஒருத்தர் மேடைல ஏறிட்டாரு. அவருக்கு முகம் மிச்சம் இல்லை. எரிஞ்ச திரியையே மறுபடி பத்தவச்சிட்டு போட்டோவுக்குச் சிரிச்சாரு. பொறவு சால்வை. மேடைல இருந்தவங்க ஒருத்தருக்கொருத்தர் மாத்தி மாத்திப் போத்திக்கிட்டாங்க, வெளிய சித்திரை வெயிலு!

அதுக்குப் பெறகு ஒரு தம்பி வெளக்க அணைச்சிட்டுப் படம் போட்டான். பாத்தா, என் வெல்டு! அதே வாய், அதே எடம். படத்து ஓரத்துல ஒரு காலு தெரியுது. செருப்பு வாரு தச்சிருந்தத வச்சுக் கண்டுபிடிச்சேன், அது என் காலு. கீழ என்ன எழுதிருக்குன்னு பக்கத்துல இருந்தவர்ட்ட கேட்டேன். "பணியாளர் ஒருவரால் கண்டறியப்பட்டது." அந்த ஒருவர் கடைசி வரிசைல, தூணுக்குப் பின்னால உக்காந்திருக்கான். எத்தனை வாட் விளக்கு, எந்தக் கால்ல மொதல்ல ஓடுன, ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா அந்த வெல்டு பத்து நாளா சத்தம் மாறி வந்ததச் சொல்லியிருப்பேன்.

பரிசா ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் பிந்தும். என் பேருல ஓர் எழுத்தும் பிந்திருந்துது.

ஆனா வெறுங்கையோட வரல. டீ குடிக்க வரிசைல நிக்கும்போது முன்னால ஒருத்தன், தூத்துக்குடி பக்கத்துக் கீமேன். கையப் பாத்தாலே தெரியும்லா, காச்சுப் போயிருக்கும். உப்புக் காத்துக்குத் தண்டவாளத்தப் பிடிச்சிருக்க கிளிப்பெல்லாம் துரு ஏறி, ஓட்டைக்குள்ள ஒட்டிக்கிடும். இருவது அடி போட்டாலும் வராது, சுத்தியல்தான் துள்ளும். எனக்கும் அந்தத் தொல்லைதான். அவன் சொன்னான்: "அண்ணாச்சி, மொத நாள் சாயங்காலமே டீசலும் பழைய எண்ணெயும் கலந்து ரெண்டு சொட்டு விட்டுருங்க. ரப்பர் பேடுல மட்டும் பட்டுராம. காலைல நாலு அடிக்கு வந்துரும்." வந்துது எய்யா. அந்த நாள் முழுக்க மேடைல பேசுன பேச்சுல எனக்கு ஒரு அடி மிச்சமாகல. டீ வரிசைல பதினாறு அடி மிச்சம்.

அதனால நீ பெர்லின்ல போயி முன் வரிசைல உக்காராத. முன் வரிசைல உக்காந்தா தூங்க முடியாது, நடுவுல எந்திரிச்சுப் போகவும் முடியாது. பின்னால கதவு பக்கமா இரு. எவன் நாலாவது படத்துலயே நைசா நழுவி வெளிய போறானோ, அவன் பின்னாலயே போ. அவனுக்குத்தான் வேலை தெரிஞ்சிருக்கும். நகத்துக்குள்ள கருப்பு இருக்கான்னு பாத்துக்கோ. கோட்டு போட்டிருந்தாலும் நகம் பொய் சொல்லாது.

மாநாடே வேண்டாம்னு நான் சொல்லுதேன்னு நெனச்சிராத. இன்ஸ்பெக்டர் ஐயா சொன்ன ஒரு கதை இருக்கு. அமெரிக்காவுல தென் மாநிலங்கள்ல அந்தக் காலத்துல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல அஞ்சடி கேஜ். வடக்க நாலடி எட்டரை அங்குலம். எல்லைல வந்தா சரக்க எறக்கி ஏத்தணும், இல்லைன்னா சக்கரத்த மாத்தணும். 1886 பிப்ரவரில அட்லாண்டால ரயில் கம்பெனிக்காரங்கல்லாம் ரெண்டு நாள் கூடிப் பேசுனாங்க. நாலடி ஒம்பது அங்குலம்னு முடிவு. ஏன் ஒம்பதுன்னா, வடக்க இருந்த பெரிய கம்பெனி பென்சில்வேனியா ரயில்ரோடு, அதோட கேஜ் அது. அரை அங்குலத்துக்குச் சக்கரம் கோவிச்சுக்கிடாது. மே 31, ஜூன் 1, ரெண்டு நாள்ல மாத்திரணும்.

இப்பத்தான் கவனி. நாள் வாரதுக்கு முந்தியே கேங்மேன்மாரு போயி, மூணு அங்குலம் உள்ள அளந்து, புது ஆணிய வரிசையா அடிச்சு வச்சிட்டாங்க. பழைய ஆணில மூணுக்கு ஒண்ண மட்டும் விட்டுட்டு மத்ததப் பிடுங்கிட்டாங்க. அன்னைக்கு விடிஞ்சதும் மிச்ச ஆணியப் பிடுங்கு, ஒத்தப் பக்கத் தண்டவாளத்தக் கடப்பாரையால நெம்பு, மூணு அங்குலம் தள்ளு, வெளிப்பக்கம் ஆணி அடி. ஒண்ணரை நாள், 11,500 மைலுக்கு மேல! மீட்டர் கேஜ்ல சேந்து பிராட் கேஜ்ல ரிட்டயர் ஆனவன் நான். தண்டவாளத்த நகத்துறதுன்னா என்னன்னு என் இடுப்பக் கேளு. இந்தக் கதையக் கேட்டன்னைக்கு ராத்திரி எனக்கு ஒறக்கமே வரல.

அதே வருசம் பெர்ன் நகரத்துல ஐரோப்பாக்காரங்க கூடுனாங்க. வண்டி எல்லை தாண்டிப் போகணும்னா என்னென்ன ஒண்ணுபோல இருக்கணும்னு பேசி முடிச்சாங்க. ஒரு சதுரச் சாவி அந்த ஊரு பேராலயே பெர்ன் சாவின்னு இன்னைக்கும் அங்கன ரயில்வேக்காரங்க கைல இருக்காம். கூட்டம் போட்டா ஒரு சாவியாவது மிஞ்சணும். நான் கீமேன்னதும் ஏதோ கஜானா சாவி வச்சிருக்கேன்னு நம்பித்தான் உங்க ஆச்சி என்னைக் கட்டுனா. வந்து பாத்த பொறவுதான் தெரிஞ்சுது, எங்க சாவி தண்டவாளத்த இறுக்குற ஆப்புன்னு. இன்னைக்கு வரைக்கும் அத வச்சு என்னைக் குத்திக்கிட்டுத்தான் இருக்கா.

உன் மாநாட்டுல யாராவது நீட்டி முழக்குனா, மனசுக்குள்ள ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ: இதுல எத்தனை அங்குலம் நகரும்? வாய் விட்டுக் கேட்டுராத, சாப்பாடு கெடைக்காது.

இன்னொண்ணு. வெள்ளைக்காரன் ஊரு, எல்லாம் கடிகாரம் மாதிரி ஓடும்னு போயி வாயப் பொளக்காத. 2024ல ஜெர்மனில தூரத்து வண்டில நூத்துக்கு அறுவத்திரண்டரைதான் நேரத்துக்கு வந்துருக்கு. அதுவும் ஆறு நிமிசத்துக்குள்ள பிந்துனா நேரந்தான்னு அவங்களே வச்சுக்கிட்ட கணக்கு. இத அங்கன போயிச் சொல்லிக் காட்டாத, விருந்தாளிக்கு அழகில்லை. அவங்க நம்ம வண்டியப் பத்திப் பேச்செடுத்தா மட்டும் சொல்லு.

நீ என்ன கொண்டு போற? கிளிப்பா? காட்டு. ம்... பளபளன்னு இருக்கு. பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி. இதோட தாத்தா யாருன்னு தெரியுமா உனக்கு? நார்வேல பெர் பாண்டே-ரோல்ஃப்சென்னு ஒரு ரயில்வே எஞ்சினியர். 1950கள்ல அவரு வளைச்ச கம்பிதான். அவரு பேரச் சுருக்கித்தான் பேண்ட்ரோல்னு ஆச்சு. நாங்க அது ஏதோ இங்கிலீசு வார்த்தைன்னு நெனச்சு, ஒரு மனுசன் பேரப் போட்டு சுத்தியலால இருவத்தஞ்சு வருசம் அடிச்சிருக்கோம் பாவம்.

இந்தப் பளபளப்ப அங்கன யாரும் கண்டுக்கிட மாட்டான், மூவாயிரம் கடைலயும் பளபளப்புத்தான். அந்தா மாட்டுக்கொட்டகை எறவாணத்துல ஒரு கிளிப்பு சொருகி வச்சிருக்கேன், எடுத்துட்டு வா. பாத்தியா, துரு தின்னு பாதி ஆயிட்டு. அந்தத் தூத்துக்குடிக்காரன் குடுத்தது. ஸ்டோர்ல கணக்குக் கேட்டா ரிட்டயரான எனக்குத் தெரியாது. இத உன் புதுக் கிளிப்புக்குப் பக்கத்துல மேசைல வையி. கப்பல்துறை பக்கமா லைன் வச்சிருக்கவன் எவனா இருந்தாலும் நின்னுருவான். பேச வேண்டாம், அவனே எடுத்துத் திருப்பிப் பாப்பான். அப்ப கேளு: "உங்க ஊர்ல இத ஒத்த ஆளு ஒத்தச் சுத்தியல வச்சு எத்தனை அடில எடுப்பான்?" நாலுக்குக் கீழ எவனாவது சொன்னான்னா அவன் விசிட்டிங் சீட்டு மட்டும் வாங்கிட்டு வா. மத்தவன் சீட்டெல்லாம் அங்கனயே குப்பைல போட்டுட்டு வா. இல்லைன்னா உங்கம்மா பத்திரமா பீரோல அடுக்கி வச்சிருவா.

ஏர்போர்ட்டுல கேட்டா, கம்பெனி சாமான்னு சொல்லு. பெட்டில போடு, கைப்பைல வைக்காத. துரு வேட்டில பட்டா போகாது, சட்டைலயும் அப்படித்தான்.

அந்தா போறது முத்துநகர் எக்ஸ்பிரஸ். இந்தக் கடிகாரத்தப் பாரு, அவன் இன்னும் மணியாச்சி தாண்டலைங்குது. தூக்கிப் போட மனசு வரல எய்யா, பரிசுல்லா.

ஆச்சி உள்ள என்னமோ சொல்லுதா, கேளு. பையாம். கருத்தரங்குல ஆளுக்கொரு பை குடுப்பாங்கள்லா, அதுல ஜிப்பு கெட்டியா இருக்கதாப் பாத்து ரெண்டு வாங்கிட்டு வரணுமாம், ரேசன் கடைக்கு. எனக்கு அவங்க குடுத்த பை வீடு வாரதுக்குள்ள கைப்பிடி அறுந்துட்டு. அத இன்னும் சொல்லிக் காட்டுதா.