ஓய்வு அறியாத அரம்

தமிழக அரசு ஊழியருக்கு 60 வயதில் ஓய்வு. பட்டறை அரத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பல் தேய்ந்ததும் உலையில் காய்ச்சி, தட்டி, உளியாக்கிவிடுவார்கள். கார்பன் மிகுந்த எஃகு. பதம் சரியாக அமைந்தால் நன்றாகவே வெட்டும், தவறினால் சடக்கென்று ஒடியும்.

ஒடிந்த ஹேக்ஸா பிளேடு, அடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டு, செருப்புத் தைப்பவரிடம் கத்தியாக வேலைக்குச் சேர்கிறது.

டிரில் பிட்டின் கதைதான் பரிதாபம். சுமார் 600 டிகிரி சூட்டையும் தாங்கும் அதிவேக எஃகு அது. முனை மழுங்கியதும் கேட் தாழ்ப்பாளில் செருகப்பட்டு, பக்கத்து வீட்டு ஆட்டைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

ஸ்குரூ டிரைவர் தேயும்வரை யார் காத்திருக்கிறார்கள்? வாங்கிய அன்றே பெயிண்ட் டப்பா திறக்கப் போய்விடுகிறது. திருகு முடுக்கத்தான் காய்கறிக் கத்தி இருக்கிறதே!