எஞ்சினின் மூச்சுத்திணறல்: ஒரு தடைவிடை ஆய்வு

மேடு, சேறு, மணல் என்று பாராமல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட, ஏடிவி எனப்படும் சிறு வண்டியின் எஞ்சின், நின்ற இடத்தில் நன்றாக உறுமிவிட்டு, ஏற்றத்தைக் கண்டதும் இருமித் திணறி அணைந்துபோகும் நிலையே இவ்வாய்வில் மூச்சுத்திணறல் எனப்படும். 1970ஆம் ஆண்டு ஹோண்டா நிறுவனம் 89 சிசி எஞ்சினும் காற்றழுத்தம் குறைந்த கொழுத்த டயர்கள் மூன்றும் கொண்ட வண்டியை அமெரிக்கச் சந்தையில் இறக்கியது முதல், அதன் வழிவந்த நான்கு சக்கர ஏடிவிகள் காடுமேடெங்கும் திரியும் இந்நாள் வரை, இந்நோய்க்கு வைத்தியம் சொல்வோர் பெருகினரேயன்றி நோயின் கூறுகள் முறையாக வகுக்கப்படவில்லை.

இத்துறையில் வழங்கிவரும் கோட்பாடுகள் இரண்டு. பிளக் வாதம் என்பது, வண்டிக்கு எது நேரினும் புது ஸ்பார்க் பிளக் ஒன்றை வாங்கி மாட்டுவதாகும். கார்பரேட்டர் வாதம் என்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அக்கருவியின் ட்யூனிங் ஸ்க்ரூவை அரைச்சுற்று இப்படியும் முக்கால்சுற்று அப்படியும் திருகி, அது முதலில் எங்கே இருந்தது என்பதை மறந்துவிடுவதாகும். சீட்டைத் தூக்கி, அதன் அடியிலிருக்கும் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பதை இரு சாராரும் தம் தகுதிக்குக் குறைவெனக் கருதுவதற்குக் காரணம், மனிதர் காசு கொடுத்து வாங்கிய பொருளையே ஐயுறுவர், காற்றோ இலவசம் என்பதுதான்.

கணக்கு இதற்கு நேர்மாறானது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. ஆகவே எஞ்சின் என்பது பெட்ரோலைத் தொட்டுக்கொண்டு காற்றைச் சாப்பிடும் பிராணி என்றே கொள்ளத்தகும்.

நோய் இருவகைப்படும். ஃபில்டர் சேற்றால் அடைபட்டோ, குளிர்காலம் முழுதும் நிறுத்திவைத்த வண்டியின் காற்றுப்பெட்டியில் எலி குடித்தனம் நடத்தியோ காற்று குன்றுவது குறைக்காற்று. இதில் கரும்புகை எழும், பிளக்கின் முனையில் உலர்ந்த கரி படியும், பெட்ரோல் கரையும். கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையேயுள்ள ரப்பர் குழாய் வெடித்தோ, அதன் கிளாம்ப் தளர்ந்தோ, கணக்கில் வராத காற்று பக்கவாட்டில் புகுவது மிகைக்காற்று. இதில் பிளக் வெளுக்கும், ஆக்சிலரேட்டரை விட்ட பின்னும் வேகம் இறங்காமல் எஞ்சின் அலறும், சைலன்சர் படபடவென வெடிக்கும்.

இரண்டையும் பிரித்தறியும் உரைகல் சோக், அதாவது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்காகக் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் ஏற்பாடு. சூடேறிய எஞ்சின் சோக்கைச் சற்றே இழுத்ததும் மேலும் திணறினால் குறைக்காற்று; தெளிந்தால் மிகைக்காற்று அல்லது ஜெட் எனப்படும் பெட்ரோல் துளையில் அடைப்பு. பின்னதில் ஐயம் எழுமாயின், ஐடிலிங்கில் ஓடவிட்டு ரப்பர் குழாயைச் சுற்றித் தண்ணீரைப் பூவாய்த் தெளிக்க, ஓசை மாறும் இடமே ஓட்டை இருக்கும் இடமாகும்.

அற்றேல், ஃபில்டரையே கழற்றி எறிந்துவிட்டால் எஞ்சின் தாராளமாக மூச்சுவிடுமன்றோ எனின், அன்று. ஃபில்டர் காற்றுக்குத் தரும் தடையையும் கணக்கிலெடுத்தே ஜெட்டின் துளை அளவு வகுக்கப்பட்டிருப்பதால், அதை நீக்குவது குறைக்காற்று நோயாளியை மிகைக்காற்று நோயாளி ஆக்குவதோடு, புழுதியை நேரே உள்ளே விட்டுப் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் அரைத்துவிடும். ஸ்பாஞ்சு ஃபில்டரைச் சோப்பு நீரில் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, காயவைத்து, அதற்குரிய எண்ணெய் தடவி மாட்டுவதே முறை. எண்ணெய்ப் பசையில்தான் தூசி ஒட்டும் என்பதால், காய்ந்த ஸ்பாஞ்சு வெறும் அலங்காரமே. விரல் பட்டதும் மாவாய் உதிரும் ஸ்பாஞ்சை அலசுவது வீண். அதற்குப் புதியதொன்றே கதி.

எனவே முதலில் ஃபில்டர், அடுத்து ரப்பர் குழாய், பின்னர் கிளாம்ப், இவையெல்லாம் தேறிய பிறகே கார்பரேட்டர் என்னும் வரிசையும், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக என்னும் விதியும் இவ்வாய்வின் முடிபுகளாகும். விதி பின்பற்றப்படும் என்பதற்கு உறுதியில்லை. ஃபில்டரை அலசிய கையோடு, வாங்கியது வீணாகக் கூடாதென்று பிளக்கையும் மாற்றிவிடுவது மரபாதலின், வண்டி ஏற்றத்தில் சீறிப் பாயும்போது அப்புகழ் பிளக் வாதிகளையே சேரும்.