டொராண்டோவுக்குப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, அந்தப் போனைக் கீழ வச்சுட்டு இப்படி வா. விசா வந்துட்டாம், டிக்கெட் போட்டாச்சாம், செப்டம்பர்ல டொராண்டோவுல படிப்பாம். சந்தோசம். உங்க அத்தை வீட்டுல, ஸ்கார்பரோவுல, ஒரு குளிர்காலம் முழுக்கக் கம்பளிக்குள்ள கெடந்துட்டு வந்தவன் நான். நாலு வார்த்தை சொல்லுதேன். கேட்டா கேளு, கேக்காட்டி உனக்கு யூடியூப் இருக்கு.

மொதல்ல வீடு. எறங்குன கையோட நம்ம ஊர்ப் பயலுவளாப் பாத்து, எட்டுப் பேரு சேந்து ஒரு பேஸ்மெண்டைப் புடிச்சிரு. அதான் பூமிக்கு அடியில இருக்கும், வாடகை கொஞ்சம் கொறைவு. சன்னலு தலைக்கு மேல இருக்கும். அது வழியாத் தெருவுல போறவன் பூட்ஸு மட்டும் தெரியும். கனடா பாக்க ஒனக்கு அது போதாதா? ஆள் சேக்கையில நைசா, "தம்பி எந்த ஊரு, எந்தத் தெரு?"ன்னு கேட்டுக்கோ. எதுக்குக் கேக்கேன்னு அவனுக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும். கடல் தாண்டிப் போனாலும் அதை விட்டுறப்படாதுல்லா!

சமையல் பொழுதுபோக்கா இருக்கும். எண்ணெய் காஞ்சு, கடுகு வெடிச்சு, வத்தலைக் கிள்ளிப் போட்டியோ இல்லியோ, கூரையில இருக்குற புகை அலாரம் ஊரைக் கூட்டும். ஒருத்தன் கரண்டி புடிக்கணும், ஒருத்தன் ஸ்டூல்ல ஏறி அலாரத்துக்குக் கீழ துண்டை வீசணும், இன்னொருத்தன் ஓடிப் போய்க் கதவைத் தொறக்கணும். தொறந்தா மைனஸ் பதினஞ்சு உள்ள வந்து அடுப்பங்கரையில நிக்கும். ஒரு ரசத்துக்கு மூணு ஆளு. எட்டுப் பேரு எதுக்குன்னு இப்பப் புரியுதா?

வீட்டுக்காரன் "நம்ம ஆளு"ம்பான். உஷாரா இரு. ஒண்டாரியோ சட்டப்படி கடைசி மாச வாடகையை முன்கூட்டி வாங்கலாம். "சேதாரத்துக்கு டெபாசிட் குடு"ன்னு தனியாக் கேட்டா அது சட்டத்துல கெடையாது. ஆனா நம்ம ஆளுதான, குடுத்துரு. மொட்டை போடுததுன்னா சொந்தக்காரன் கத்தியிலதான் போடணும்.

கடையில விலைச்சீட்டைப் பாத்து நெஞ்சு குளுராதே. கல்லாவுல போய் நின்னா பல சாமானுக்குப் பதிமூணு சதவீதம் வரி மேல ஏறும். படிக்க வாறவன் பீஸு போக, செலவுக்குக் கையிருப்பு 10,000 டாலர் காட்டுனாப் போதும்னுதான் ரொம்ப காலம் இருந்துது. 2024 ஜனவரியில அதை ஒரே தாவுல 20,635 ஆக்கிட்டான், பொறவு இன்னமும் ஏத்திட்டான். வகுப்பு நடக்குற காலத்துல காலேஜுக்கு வெளிய வாரம் 24 மணி நேரந்தான் வேலை பாக்கலாம். நீ அதுக்கு மேல கள்ளக்கணக்குல பாத்து, வகுப்புல தூங்கு. தூங்குறதுக்கு இம்புட்டுப் பீஸு கெட்டுறவன் உலகத்துல நம்ம ஒருத்தந்தான்.

வாத்தியாரு வாரத்துல சில மணி நேரம் ஒதுக்கி, வந்து கேளுங்கன்னு ரூம்புல காத்துக்கிட்டு இருப்பாரு. போயிராதே. சந்தேகம் கேட்டா மரியாதை போயிரும்லா. பரீட்சைக்கு மொத நா ராத்திரி வாட்ஸப் குரூப்புல, "மச்சான், நோட்ஸ் இருக்கா?"ன்னு கேளு. இருக்காது, அவனும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருப்பான்.

இனிமே முக்கியமான விசயம். அந்த ஊருல பாதிக்குப் பாதி வேற நாட்டுல பொறந்து வந்த சனம். 2021 கணக்கெடுப்புல நூத்துக்கு நாப்பத்தாறுக்கு மேல. அதனால ரொம்ப எச்சரிக்கையா இருக்கணும், எவன்கூடயாவது பழகித் தொலைச்சிருவே. கென்சிங்டன் மார்க்கெட்டுன்னு ஒண்ணு இருக்கு, அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதே. மொதல்ல யூதர்கள் கடை போட்ட தெரு, பொறவு போர்ச்சுகல்காரன், கரீபியன்காரன், சீனாக்காரன்னு ஒவ்வொருத்தனா வந்து, போனவன் வாசம் போறதுக்குள்ள அடுத்தவன் அடுப்பு மூட்டிட்டான். ஜமைக்காக்காரன் பேட்டின்னு ஒரு பதார்த்தம் விக்கான், மஞ்சளா, நல்ல காரமா இருக்கும். அந்தப் பேருக்காக 1985-ல கனடா சர்க்காரோடயே மல்லுக்கு நின்ன கடைக்காரனுவ அவனுவ. உங்க அத்தைக்குத் தெரியாம, மாட்டுக்கறி இல்லாத காய்கறிப் பேட்டியா வாங்கி நான் ரெண்டு தின்னேன். நீ தின்னாதே. ஒனக்குத்தான் பேஸ்மெண்டுல ரசம் இருக்கே. ரெயில், பஸ்ஸு, டிராம் எதுல ஏறுனாலும் ஒருதரம் கார்டுல காசு கெட்டுனா ரெண்டு மணி நேரம் மாறி மாறிப் போவலாம். அந்தக் காசை மிச்சம் புடி, எங்கயும் போவாதே.

ஸ்கார்பரோவுல நம்ம மொழிதானேன்னு நெனைச்சுறாதே. அங்கன இருக்குறது ஈழத்துச் சனம். சண்டையில வீடுவாசல் போயி, கையில ஒண்ணுமில்லாம வந்து எறங்குனவங்க நெறைய. பனியைத் தள்ளி, ஓட்டல்ல தட்டுக் கழுவிப் புள்ளைகளைப் படிக்க வச்சாங்க. அந்தச் சனம் முன்ன நின்னு, உலகம் பூராவும் கை நீட்டி முப்பது லட்சம் டாலர் சேத்து, 2021-ல டொராண்டோ பல்கலைக்கழகத்து ஸ்கார்பரோ வளாகத்துல தமிழுக்குன்னு ஒரு இருக்கையே வாங்கிட்டாங்க. அவங்க வீட்டுலயும் சொதி வைக்காவ, நம்ம திருநெவேலிச் சொதிக்கு ஒண்ணும் சளைச்சதில்லே. ஒரு அம்மா எனக்கு ஊத்தித் தந்தா. எந்தத் தெருன்னு கேக்கவே இல்லே, என்ன சனமோ!

குளிர்ச்சட்டையை இங்க வாங்காதே. இங்க விக்கிறது ஊட்டிக்குத்தான் ஆவும், அங்க போய் வாங்கு. காதை மூடு. இது மட்டும் வெளாட்டு இல்லே.

தீவாளிக்குப் போன் போடுவே. உங்கம்மை சாப்பிட்டியான்னு கேப்பா, உங்கப்பன் மார்க்கு கேப்பான். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன்: நம்ம தாலுகாவுல பொறக்காத சிநேகிதன் ஒருத்தனாவது இருக்கானாலே? இல்லேன்னியோ, அடுத்த வருசக் கடனுக்கு என் கையெழுத்து கெடையாது. வயக்காட்டுப் பட்டா இன்னும் என் பேருலதான் இருக்கு.