36 மார்க் அறிவியல்

மனித மனத்தை அளக்கிறோம் என்று சம்பளம் வாங்குகிறவர்கள் 2011இல் செய்த சாதனைகளைக் கல்வெட்டில்தான் பொறிக்க வேண்டும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம், நாளை நடக்கப்போவதை மனம் இன்றே உணர்கிறது என்று ஒன்பது சோதனைகளோடு எழுதினார். அதில் ஒன்று: கணினியில் இரண்டு திரைச்சீலைகள். எதன் பின்னால் படம் வரும் என்று 100 மாணவர்கள் ஊகித்தார்கள். ஆபாசப் படமென்றால் 53.1 சதவீதம் சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். மிச்சம் மூன்று சதவீதத்துக்கு ஞானதிருஷ்டி என்று பெயர். அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னணி இதழ் அதை அச்சிட்டது.

பிரிட்டனில் மூவர் ஒரு சோதனையைத் திரும்பச் செய்தார்கள். ஒன்றும் வரவில்லை. அதே இதழுக்கு அனுப்பினார்கள். செய்ததையே திரும்பச் செய்யும் ஆய்வுகளை வெளியிடுவதில்லை என்று பதில் வந்தது. நியாயம்தான். எதிர்காலமே தெரிந்தவர்களுக்குச் சரிபார்ப்பு எதற்கு?

உளவியல் துறையின் வழக்கம் அப்படி. எதுவுமே இல்லாத இடத்தில் இருபது முறை துழாவினாலும் சராசரியாக ஒருமுறை ஏதோ அகப்படும். தற்செயல் இல்லை என்று ஏற்க அவர்கள் வைத்திருக்கும் 0.05 என்ற எல்லைக்கோடு அவ்வளவு தாராளம். அகப்பட்டது அச்சுக்குப் போகும். மற்ற பத்தொன்பதும் இழுப்பறைக்குப் போகும். முடிவு வரவில்லையா? இன்னும் பத்து மாணவர்களைச் சேர். வந்துவிட்டதா? அங்கேயே நிறுத்து. பிறகு, ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் எதிர்பார்த்தோம் என்று முன்னுரை எழுது.

அதே ஆண்டு சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் இந்த வித்தைகளை வேண்டுமென்றே செய்துகாட்டினார்கள். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைக் கேட்ட மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை வயது குறைந்துவிட்டது. இளமையாக உணரவில்லை ஐயா, வயதே குறைந்தது! எண்கள் நிஜம், கணக்கும் சரி. சொல்லாமல் மறைத்ததில்தான் சூட்சுமம்.

100 உளவியல் ஆய்வுகளை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்ததன் முடிவு 2015இல் வந்தது. அவற்றில் 97 முதலில் வெற்றி என்று அறிவிக்கப்பட்டவை. இந்த முறை தேறியது 36 சதவீதம். நம் ஊரில் 35 எடுத்தால் பாஸ். ஒரு மார்க்கில் மானம் தப்பியது. ஞாயிறு மலரில் ‘ஆய்வில் தகவல்’ என்று படித்துவிட்டுப் பிள்ளை வளர்ப்பை மாற்றிக்கொண்ட நமக்கு யார் மார்க் போடுவது?

எண்களைத் துழாவ இத்தனை சிரமம் எதற்கு என்று நினைத்தவர் நெதர்லாந்தின் டீடெரிக் ஸ்டாபெல். அப்போது டில்பர்க் பல்கலைக்கழகத்தில் புலத் தலைவர். ரயில் நிலையத்தில் குப்பை கிடந்தால் மனிதர்கள் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். எண்கள் ரயில் நிலையத்திலிருந்து வரவில்லை, அவர் மேசையிலிருந்து வந்தன. 2011இல் அவரை மாட்டிவிட்டவர்கள் மூன்று இளம் ஆய்வாளர்கள். கூடவே கட்டுரை எழுதிய பேராசிரியர்கள், மதிப்பாய்வு செய்த மேதைகள், அச்சிட்ட ஆசிரியர்கள், ஒருவருக்கும் மூக்கு வேர்க்கவில்லை. விசாரணைக் குழு துறையையே சாடியது: கதை அழகாக வரவேண்டும் என்பதற்காக, செய்த பகுப்பாய்வுகளில் சிலவற்றைச் சொல்லாமல் விடும்படி மதிப்பாய்வாளர்களே கேட்டிருக்கிறார்களாம்.

58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. தண்டனை 120 மணி நேர சமூக சேவை. கட்டுரைக்கு இரண்டு மணி நேரம். அதைப் படிக்கவே அதற்கு மேல் ஆகும். தண்டனை வருவதற்கு முன்பே தன் வீழ்ச்சியைப் பற்றி ஒரு புத்தகமும் போட்டுவிட்டார். அதற்கு மட்டும் தரவு கைவசம் இருந்தது.