பினாங்கில் பிறக்காத தாத்தா

உலகக் கிண்ணம் 2026 ஜூன் 11ஆம் தேதி மெக்சிகோவில் தொடங்குகிறது. பினாங்கு மாநிலத்தில், எங்கள் பத்து காவானில் அது ஏற்கெனவே முடிந்துவிட்டது. தாமான் முனையிலுள்ள ஒட்டுக்கடையில் அரையிறுதிவரை எல்லா ஆட்டங்களையும் ஆடித் தீர்த்துவிட்டார்கள். பிரேசில் கட்சியும் அர்ஜென்டினா கட்சியும் சம பலத்தில் இருப்பதால் கிண்ணத்தை மட்டும் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நடுவில் புகுந்து ஸ்பெயின் என்று சொன்ன தம்பிக்கு அன்றைக்கு ரொட்டி சானாய் வரவே இல்லை.

இந்த முறை 48 அணிகள், 104 ஆட்டங்கள். இத்தனைக்கும் ஆருடம் சொல்வதற்குள் தே தாரேக் எத்தனை ஓடும் என்று கணக்குப் போட்ட கடைக்கார அண்ணன், எந்தக் கட்சியிலும் சேராமல் நடுநிலை காக்கிறார். இறுதியாட்டம் நம் நேரப்படி ஜூலை 20, திங்கட்கிழமை, அதிகாலை 3 மணி. யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று காலை எங்கள் தொழிற்பேட்டையில் எத்தனை பேருக்கு வயிற்றுவலி வந்து எம்சி எடுப்பார்கள் என்று கேட்டால் ஓரளவு சொல்வேன்.

ஆருடம் தமிழனுக்குக் கைவந்த கலை. 2010 உலகக் கிண்ணத்தில் ஜெர்மனிக்காரர்கள் பால் என்ற ஆக்டோபஸை நம்பியபோது, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ் ஜோசியரின் கிளி மணி, நான்கு காலிறுதி முடிவுகளையும் சரியாக எடுத்துக் கொடுத்தது. உலகப் பத்திரிகைகளெல்லாம் அதன் கூண்டைத் தேடி வந்தன. இறுதியாட்டத்துக்கு ஆக்டோபஸ் ஸ்பெயின் என்றது. கிளி நெதர்லாந்து என்றது. 116ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா கோல் போட்டார். கிளி தோற்றதை எங்கள் கடைப் பெரியவர் ஒருவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "கிளி சீட்டைச் சரியாத்தான்யா எடுத்துச்சு. நடுவர்தான் தப்பா ஊதிட்டாரு."

கிளி தப்பாகச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. எதிர்காலத்தை ஊகிப்பதில் உள்ள வசதி அது. நம் மலேசியக் காற்பந்துச் சங்கமோ எந்த ஜோசியரும் தொடாத துறையில் கைவைத்தது. அது கடந்தகாலத்தை ஊகித்தது.

2025 ஜூன் 10ஆம் தேதி புக்கிட் ஜாலிலில், ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில், வியட்நாமை நாம் 4-0 என்று வென்றோம். அன்றிரவே ஒட்டுக்கடையில் 2027 ஆசியக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாகிவிட்டது. செப்டம்பர் 26ஆம் தேதி ஃபிஃபா அலமாரியைத் திறந்தது. வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலி என்று சொல்லி, ஆளுக்கு 12 மாதத் தடையும் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. மேல்முறையீடும் நவம்பரில் தள்ளுபடியானது. நாம் 1-1 என்று சமன் கண்ட கேப் வெர்டி ஆட்டத்தைக்கூட 0-3 என்று மாற்றி எழுதினார்கள். அந்தக் கேப் வெர்டி இப்போது உலகக் கிண்ணத்துக்குப் போகிறது. நாம் கடைக்குப் போகிறோம்.

ஃபிஃபா விதி எளிமையானது. நீண்ட காலம் அங்கே வாழாத ஆட்டக்காரர் என்றால், அவரோ, அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியோ ஒருவராவது அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். எங்கள் செபராங் பிறை மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத குராசாவ் தீவு இந்த விதியை வைத்துத்தான், பெரும்பாலும் நெதர்லாந்தில் பிறந்த பிள்ளைகளைக் கொண்டு உலகக் கிண்ணத்துக்குள் நுழைந்தது. ஆனால் அவர்கள் காட்டிய தாத்தா நிஜத் தாத்தா.

நாம் காட்டிய தாத்தா பாட்டிகளில் மூவர் பினாங்கில் பிறந்தவர்களாம். அசல் பத்திரங்களைத் தேடி எடுத்துப் பார்த்தால் மூவருமே அர்ஜென்டினாவில் பிறந்தவர்கள். சங்கம் அதைத் தொழில்நுட்பத் தவறு என்றது. செய்தி வந்த அன்று எங்கள் கடையில் யாரும் கோபப்படவில்லை. விசாரணைதான் நடந்தது. எந்தக் கம்பம், எந்தத் தெரு, யார் வீட்டு ஆள்? பெரியவர் தீர்ப்புச் சொன்னார்: "ஃபிஃபா எதுக்கு? பேரனை நாசி கண்டார் கடைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாப் போதும். குவா பஞ்சிர்னு கேக்கத் தெரியலைன்னா அவன் பினாங்குப் பேரன் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்த இடம் வேறு. இக்கியா கடையும், 24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பாலமும் வருவதற்கு வெகுகாலம் முன்பு பத்து காவான் ஒரு தோட்டம். என் பெரியப்பா இங்கேதான் லயத்து வீட்டில் பிறந்தார். சாட்சி, பிரசவம் பார்த்த கிழவி ஒருத்திதான். அவரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை; அதனால் வாழ்நாளில் பெரும்பகுதி, குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாளக் கார்டு. விண்ணப்பம் போட்ட ஒவ்வொரு முறையும் சாட்சியைக் கூட்டி வரச் சொன்னார்கள். கிழவி செத்துப்போனாள் என்றால், அவளுடைய மரணப் பத்திரம் கேட்டார்கள். அர்ஜென்டினாத் தாத்தாவுக்கு உட்கார்ந்த இடத்தில் கிடைத்த பினாங்குப் பிறப்பு, பினாங்கிலேயே பிறந்த பெரியப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அவரிடம் ஒரே குறை: பேரனுக்கு இடது காலால் ஃப்ரீ கிக் அடிக்க வராது.

வேடிக்கை என்னவென்றால், அடிக்கத் தெரிந்த பேரன்களும் இங்கே இருந்தார்கள். 2016 பிப்ரவரியில் ஜார்ஜ்டவுன் பண்டாராயா அரங்கில் பினாங்குக்காக ஆடிய ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக், நடுவானில் மனசை மாற்றிக்கொண்டு வளைந்து போய், ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதை வாங்கியது. ஆசியாவுக்கு அதுதான் முதல் புஸ்காஸ். 1972இல் எம். சந்திரன் தலைமையில் மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன நம் அணி, இன்றைக்கு உலகக் கிண்ணத்தைக் கூட்டாக நடத்தும் அமெரிக்காவை 3-0 என்று வென்றது. 1980இல் கோல் காவலர் ஆறுமுகம் இருந்த அணி மாஸ்கோவுக்கும் தகுதி பெற்றது. அரசியல் புறக்கணிப்பால்தான் போகவில்லை. அந்தக் காலத்தில் யாரும் யாருடைய தாத்தாவையும் தேடி விமானம் ஏறவில்லை.

எனவே சங்கத்துக்குப் பத்து காவானிலிருந்து ஒரு விண்ணப்பம். 2000ஆம் ஆண்டு சுக்மா விளையாட்டுப் போட்டிக்குக் கட்டிய 40,000 இருக்கை அரங்கம் எங்கள் ஊரிலேயே நிற்கிறது. சாயங்காலம் ஒரு நடை வந்து, தாமான் கார் நிறுத்துமிடத்தில் பந்து உதைக்கும் பையன்களைப் பாருங்கள். தாத்தாவைத் தேடியது போதும், பேரனைத் தேடுங்கள். பிறப்புப் பத்திரத்தை அவன் அம்மா பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். அது அசல்.