பழுப்பு அரிதாரப் புராணம்

ஆதியில் ஒரு டப்பா பழுப்பு அரிதாரம் இருந்தது. 1960-ல் ‘தி மில்லியனேரஸ்’ படத்துக்காக லண்டனில் அதைத் திறந்தார்கள். பெர்னார்ட் ஷா தன் நாடகத்தில் எகிப்து டாக்டர் என்றுதான் எழுதிவைத்திருந்தார். எகிப்தோ இந்தியாவோ, எல்லாம் வெயில் காயும் சீமைதானே என்று படக்காரர்கள் அவரை இந்தியராக்கிவிட்டார்கள். பெயர் மட்டும் அகமது எல் கபீர். வெள்ளைக்கார நடிகர் பீட்டர் செல்லர்ஸ் பழுப்பைப் பூசிக்கொண்டு வந்து நின்றார், சோஃபியா லோரன் காதலில் விழுந்தார். படத்தை ஒட்டி இருவரும் பாடிய ‘குட்னெஸ் கிரேஷியஸ் மீ’ இசைத்தட்டு பிய்த்துக்கொண்டு போனது. அதைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின், பாவம் தொலையத்தானோ என்னவோ, பிற்பாடு நமக்கு பீட்டில்ஸைக் கொடுத்தார்.

1968-ல் டப்பா ஹாலிவுட் போனது. ‘தி பார்ட்டி’யில் செல்லர்ஸின் பெயர் ஹ்ருண்டி வி. பக்‌ஷி. இந்திய நடிகராக வரும் அவர், படப்பிடிப்பில் செத்து விழச் சொன்னால் சாகாமல் பியூகிள் ஊதிக்கொண்டே இருப்பார். போதாக்குறைக்குக் கோட்டை செட்டையும் வெடிவைத்துத் தகர்ப்பார். சிரிப்பு வரும், மறுக்க முடியாது. பாழாய்ப்போன சிரிப்புக்கு மானரோஷம் கிடையாது.

அடுத்தது பிபிசி. 1974-ல் தொடங்கிய ‘இட் ஐன்ட் ஹாஃப் ஹாட் மம்’ தொடரின் களம் நம் தேவ்லாலி ராணுவ முகாம். பேரர் ரங்கி ராமாக வந்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற வெள்ளைக்காரர். ‘அவர் ஜான்சியில் பிறந்தவராக்கும்’ என்று சமாதானம் சொன்னார்கள். அசல் தெற்காசிய நடிகர்களுக்கும் வஞ்சகமில்லாமல் வேடம் கொடுத்தார்கள்: ஒருவருக்கு டீ விற்கிற வேலை, இன்னொருவருக்கு பங்கா இழுக்கிற வேலை.

இதையெல்லாம் டிவியில் பார்த்துக்கொண்டே இங்கிலாந்தில் ஓர் இந்திய வம்சாவளித் தலைமுறை வளர்ந்தது. அதிலிருந்து வந்த மீரா சியால், சஞ்சீவ் பாஸ்கர் கோஷ்டி மறியல் செய்யவில்லை, மனு கொடுக்கவில்லை. செல்லர்ஸின் பாட்டுத் தலைப்பையே லவட்டி, ‘குட்னெஸ் கிரேஷியஸ் மீ’ என்று 1996-ல் ரேடியோவிலும் 1998-ல் பிபிசி டிவியிலும் காமெடி நிகழ்ச்சி நடத்தினார்கள். பழைய மெட்டையே பாங்ராவாக அடித்து முகப்பு இசையாக்கினார்கள். வட்டியும் முதலுமாக வசூல் என்றால் இதுதான்.

அதில் ஒரு காட்சி. பிரிட்டனில் வெள்ளிக்கிழமை இரவு பப் மூடியதும் இந்திய ஓட்டலுக்குப் படையெடுத்து, சர்வரைக் கலாய்த்து, ‘இருக்கிறதிலேயே காரமானதைக் கொண்டா’ என்று சவால் விடுவது ஒரு தேசிய வழக்கம். இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். பம்பாயில் லஸ்ஸி போதையில் ஒரு கூட்டம் இங்கிலீஷ் ஓட்டலுக்குள் நுழைகிறது. சர்வர் ஜேம்ஸின் பெயரைக் குதறுகிறது. ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி, இருக்கிறதிலேயே உப்புச்சப்பில்லாததைக் கொண்டுவரச் சொல்கிறார். கொஞ்சம் காரமாக ஏதாவது கிடைக்குமா என்று தயங்கிய பெண்ணை மொத்தக் கூட்டமும் பிடித்துக்கொள்கிறது: இங்கிலீஷ் ஓட்டலுக்கு வந்துவிட்டு இங்கிலீஷ் சாப்பாடு சாப்பிடாவிட்டால் எப்படி? சில நிமிடம்தான். நூறு கண்டன அறிக்கையால் ஆகாத காரியம்.

டப்பா அதற்குள் கார்ட்டூனுக்கும் போயிருந்தது. 1990-ல் ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் வந்த கடைக்காரர் அப்பு, பெயரை சத்யஜித் ரே படங்களின் அப்புவிடமிருந்தும் குரலை ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்காரரிடமிருந்தும் வாங்கியவர். ஹரி கொண்டபோலு 2017-ல் இதை வைத்து ஆவணப்படமே எடுக்க, 2020-ல் அசாரியா ஒதுங்கிக்கொண்டார்.

வெள்ளைக்காரனைத் திட்டியது போதும். ‘தி பார்ட்டி’ வந்த அதே 1968-ல் பம்பாயில் ‘படோசன்’ வெளியானது. குடுமியும் வேட்டியுமாக ‘மதராசி’ மாஸ்டர் பிள்ளை வேடத்தில் மெஹமூத். பாட்டுப் போட்டியில், சங்கீதம் கரைத்துக் குடித்த பிள்ளை, பின்னால் ஒளிந்து கிஷோர் குமார் பாடப் பாட வெறும் வாயசைக்கும் சுனில் தத்திடம் தோற்கிறார். பாட்டு வாத்தியாருக்கு இதைவிட அநியாயம் செய்ய முடியாது.

நமக்குக் கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் தமிழ் சினிமாவில் அடகுக்கடை சேட்டு ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று வாயைத் திறந்ததும் தியேட்டரில் விசிலடித்தவர்கள் யார்? சௌகார்பேட்டைப் பிள்ளைகள் நம்மை வைத்து ஒரு ‘குட்னெஸ் கிரேஷியஸ் மீ’ எடுத்தால், முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்கி, கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள்.