கோடி ரூபாய்க் காரும் பாலித்தீன் பையும்

தாண்டிக்குடியிலிருந்து ஒரு காபித் தோட்டக்காரர் கார் கண்ணாடி பற்றிக் கேள்வி அனுப்பினார். அவரைத் தொடர்ந்து அவர் மச்சான், டிரைவர், அக்கம்பக்கம் என்று மலையே எழுதிவிட்டது. ஆகவே இந்த வாரம் சினிமாவுக்கும் அரசியலுக்கும் லீவு.

தோட்டக்காரர், தாண்டிக்குடி: தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த மெஷினிலிருந்து புளியங்கொட்டை அளவு கல் ஒன்று தெறித்தது. என் எலெக்ட்ரிக் எஸ்.யூ.வி.யின் பின்பக்க ஜன்னல் கண்ணாடி மொத்தமாகக் கொட்டிவிட்டது. கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய கார். இது நியாயமா?

பௌதிக நியாயம். உங்கள் காரில் இருந்தது டெம்பர்டு கண்ணாடி. அதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, இரண்டு பக்கமும் சட்டென்று காற்றை அடித்துக் குளிரவைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே இருப்பது பிறகு சுருங்கும். அதனால் வெளிப்பக்கம் அழுந்தி, உட்பக்கம் இழுபட்டு, அந்தக் கண்ணாடி பிறந்த நாளிலிருந்தே ஒரு இழுபறியில் நிற்கிறது. உள்ளங்கையால் குத்தினால் தாங்கும். கூர்மையான பொருள் அந்த மேல்தோலைத் தாண்டி உள்ளே தொட்டுவிட்டால் கதை முடிந்தது. ஒரு முனையில் உடைந்தாலும் முழுக் கண்ணாடியும் கல்கண்டாக உதிரும்.

17ஆம் நூற்றாண்டில் இளவரசர் ரூபர்ட் என்பவர் இங்கிலாந்து அரசவைக்கு ஒரு விளையாட்டுப் பொருள் கொண்டுவந்தார். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டுச் செய்த வால் வைத்த துளி. தலையில் சுத்தியலால் அடித்தால் உடையாது. வாலைக் கிள்ளினால் மொத்தமும் தூள். உங்கள் தோட்டத்தில் நடந்ததும் அதே வித்தைதான். கத்தி கத்தியாக உடைந்து யார் கழுத்தையும் அறுக்காமல் உதிர்ந்ததே, அதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

அவருடைய மச்சான், பண்ணைக்காடு: முன் கண்ணாடியில் விரிசல் விட்டால் பசை ஊற்றிச் சரிசெய்கிறார்களே, அத்தான் கண்ணாடிக்கு அது ஆகாதா?

முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் ரகம். சின்ன அடி பட்டால் ரெசின் ஊற்றலாம். அத்தான் கண்ணாடிக்கு விரிசல் விடவே தெரியாது. இருக்கும், அல்லது இருக்காது.

வாசகர், வத்தலக்குண்டு: எங்கள் ஊர்க் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்தால் அரை மணி நேரத்தில் வெட்டித் தருவார். எதற்கு ஷோரூம்?

வெட்டித் தருவார், பீரோவுக்கு. டெம்பர்டு கண்ணாடியைக் காய்ச்சிய பிறகு வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. கத்தி வைத்த நிமிஷம் அவர் கடை முழுக்கக் கல்கண்டு. வளைவு, ஓரம், துளை எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் உலைக்குள் அனுப்புவார்கள். சாதாரணக் கண்ணாடியை வெட்டி மாட்டினால் அடுத்த விபத்தில் அது உங்கள் பிள்ளைகள் மேல்தான் பாயும். அது சட்டத்துக்கும் விரோதம். மோட்டார் வாகன விதி 100, கார் ஜன்னலுக்குப் பாதுகாப்புக் கண்ணாடிதான் வேண்டும் என்கிறது. அதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2553.

டிரைவர், பெரும்பாறை: ஷோரூம்காரர்கள் மலைக்கே வந்து மாட்டித் தருவார்களா சார்?

முருகப் பெருமான் தாண்டிக்குடியிலிருந்துதான் பழனிக்குத் தாண்டினார் என்பது ஊர் நம்பிக்கை. கார் கம்பெனிக்கு அந்த அளவு தாண்டத் தெம்பில்லை. மதுரை அல்லது கோவைக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

தோட்டக்காரர், தாண்டிக்குடி: கண்ணாடி வர நாளாகும் என்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை வேறு. அதுவரை என்ன செய்வது?

முதலில் போட்டோ. உடைந்தபடியே, சீட்டில் தூள் கிடக்கும்படியே, நம்பர் பிளேட் தெரியும்படியே எடுத்துவிட்டுத்தான் விளக்குமாற்றைத் தொட வேண்டும். காரணம் பின்னால் இன்ஷூரன்ஸ் கேள்வியில் வருகிறது.

பிறகு கையுறை போட்டுக்கொண்டு பெரிய துண்டுகளைப் பொறுக்குங்கள். மிச்சத்துக்கு வேக்குவம் கிளீனர். துணியால் மட்டும் துடைக்காதீர்கள், லெதர் சீட்டில் கீறல் விழும். உடைந்தது கதவுக் கண்ணாடி என்றால் பாதித் தூள் கதவுக்குள் இறங்கியிருக்கும். கதவை மெதுவாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே சோழி உருட்டும் சத்தம் கேட்கும். டோர் பேடைக் கழற்றாமல் அது வெளியே வராது. கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் உண்டு. தூள் அவற்றை அடைத்தால் கதவே தொட்டியாகிவிடும். அந்த ஜன்னலின் சுவிட்சைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் லாக் பண்ணுங்கள். கண்ணாடி இல்லாமல் ரெகுலேட்டரை ஓட்டினால் அதிலும் தூள் சிக்கி அடுத்த செலவு கிளம்பும்.

மூடுவதற்குத் தடித்த பாலித்தீன் போதும். காபிக்கொட்டை காயவைக்கும்போது மழைக்கு மூட ஒரு ஷீட் வைத்திருப்பீர்களே, அதில் ஒரு துண்டு. பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பைப் பயன்படுத்துங்கள். பழுப்பு நிறப் பார்சல் டேப் வேண்டாம், வெயில் பட்டால் பசை பெயிண்டில் தங்கிவிடும். மேல் விளிம்பை வெளிப்பக்கம் ஒட்டினால்தான் தண்ணீர் ஷீட்டின் மேல் வழிந்து கீழே போகும்.

சித்தரேவுப் பாதையில் இறங்கும்போது நிதானமாகப் போங்கள், வேகம் கூடினால் ஷீட் கிழியும். இன்னொன்று, மலை மேலேயே பேட்டரியை 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தைப் போட இடமிருக்காது. மோட்டார் பிடிக்க வேண்டிய வேலையும் பிரேக் கட்டையின் தலையில் விழும். இது கண்ணாடிக்குச் சம்பந்தமில்லாத அறிவுரை. இலவசம்.

டிரைவர், பெரும்பாறை: மழைத் தண்ணி உள்ளே போனால் கரண்ட் அடிக்குமா? முதலாளி என்னைத்தான் ஓட்டச் சொல்கிறார்.

அடிக்காது, தைரியமாக ஓட்டுங்கள். பெரிய பேட்டரி தரைக்கு அடியில் தண்ணீர் புகாத பெட்டிக்குள் இருக்கிறது. அதன் மின்சாரம் கார் பாடியோடு ஒட்டாமல் தனியாக ஓடும். எங்காவது கசிந்தால் காரே எச்சரிக்கை காட்டும். அந்த வயர்களுக்கு ஆரஞ்சு நிறம் அடித்திருப்பார்கள், ஆரஞ்சைத் தொடாமல் இருந்தால் போதும். கதவில் இருப்பது சாதாரண 12 வோல்ட். அடிபடப்போவது சீட் மோட்டாரும் ஸ்பீக்கரும் சுவிட்சும்தான். அதாவது ஷாக் உங்களுக்கு இல்லை, பில் வரும்போது முதலாளிக்கு.

வாசகர், கொடைக்கானல்: ‘பின்பக்கக் கண்ணாடி’ என்று சொன்னால் கடைக்காரர் ‘எந்தக் கண்ணாடி’ என்று முறைக்கிறாரே?

அவர் முறைப்பது சரி. பின்கதவில் ஏறி இறங்கும் டோர் கிளாஸ் ஒன்று. சில கார்களில் அதே கதவில் அசையாத சின்ன முக்கோணம் ஒன்று. கதவுக்கும் பின்னால், டிக்கிப் பக்கம் பாடியோடு ஒட்டியிருக்கும் குவாட்டர் கிளாஸ் இன்னொன்று. இடதா வலதா என்பது தனி. ஒரே மாடலில் ஒரு வேரியன்ட்டுக்குக் கறுப்புச் சாயம், இன்னொன்றுக்குச் சத்தம் தடுக்கும் இரட்டைக் கண்ணாடி, வேறொன்றுக்குக் கண்ணாடியிலேயே அச்சடித்த ஆன்டெனாக் கோடு. ஆகவே மாடல் பெயரைச் சொல்லாமல் சேஸிஸ் எண்ணைக் கொடுங்கள். எதிர்ப்பக்கத்து நல்ல கண்ணாடியின் மூலையில் இருக்கும் முத்திரையையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். டெம்பர்டா லேமினேட்டடா, எந்தக் கம்பெனி, எந்தத் தரம் எல்லாம் அந்தக் கட்டைவிரல் அகலத்தில் இருக்கும். கார் கம்பெனி கண்ணாடி செய்வதில்லை, செய்கிறவனிடம் வாங்கித் தன் சின்னத்தைப் போட்டுக்கொள்கிறது. அதே தயாரிப்பாளரின் கண்ணாடி சின்னம் இல்லாமல் வெளியில் கிடைத்தால் விலை குறையும். ஆனால் இறக்குமதிக் காரின் குவாட்டர் கிளாஸுக்கு அந்த அதிர்ஷ்டம் எளிதில் வாய்ப்பதில்லை.

மச்சான், பண்ணைக்காடு: அத்தானுக்குப் போனது குவாட்டர் கிளாஸ்தானாம். ஒட்டுகிற வேலைதானே? பாத்ரூம் சிலிக்கான் வைத்து நானே ஒட்டிவிடுகிறேன்.

அத்தான் மேல் என்ன கோபம் உங்களுக்கு? பாத்ரூம் சிலிக்கானைப் பிதுக்கினால் வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலம் இரும்பைத் தின்னும். கார் கண்ணாடிக்கு யூரிதேன் பசைதான். பழைய பசையைக் கம்பியாலோ கத்தியாலோ அறுத்தெடுக்க வேண்டும். அடியோடு சுரண்டாமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டால்தான் புதுப் பசை அதைப் பிடித்துக்கொள்ளும். கத்தி தவறி பெயிண்டில் கீறினால் பிரைமர் தொட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் அங்கே துரு எட்டிப் பார்க்கும். உள்பக்க டிரிம்மைக் கழற்றும்போது மேலே கூரை ஓரத்தில் ஏர்பேக் மடித்து வைத்திருப்பார்கள். 12 வோல்ட் இணைப்பை எடுக்காமல் அங்கே ஸ்குரூ டிரைவர் விடுவது மச்சானுக்கு அழகல்ல.

யூரிதேன் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். உங்கள் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் குளிர் அதைத் தூங்கவைத்துவிடும். டியூபில் ‘இத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம்’ என்று அச்சிட்டிருப்பது குறிப்பிட்ட வெப்பநிலைக்கான கணக்கு. டிசம்பர் தாண்டிக்குடிக்கு அது பொருந்தாது. கீழேயே ஒட்டிக்கொண்டு, ஒரு ராத்திரி அங்கேயே விட்டு, மறுநாள் மலையேறச் சொல்லுங்கள். வரும் வழியில் இன்னொரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வைக்கட்டும். எல்லாம் மூடிய காரில் கதவை அறைந்து சாத்தினால் உள்ளே அமுங்கும் காற்று, இறுகாத கண்ணாடியை வெளியே தள்ளும். வாட்டர் சர்வீஸுக்கும் ஓரிரு நாள் விடுமுறை.

வாசகி, திண்டுக்கல்: புதுக் கண்ணாடி மாட்டியதிலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். பழைய டீசல் காரில் இது கேட்டதே இல்லை.

டீசல் காரில் அதுவும் இருந்திருக்கும், இன்ஜின் மறைத்திருக்கும். எலெக்ட்ரிக் காரில் மறைக்க ஆளில்லை. பீடிங் ஓரிடத்தில் மடங்கியிருக்கலாம், அல்லது இரட்டைக் கண்ணாடி இருந்த இடத்தில் ஒற்றை வந்திருக்கலாம். பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ். போலக் கதவில் சட்டமே இல்லாத கார் என்றால் கண்ணாடியின் மேல் விளிம்பு நேராக ரப்பரில் போய் உட்கார வேண்டும். கதவைத் திறக்கும்போது கண்ணாடி சில மில்லிமீட்டர் தானாக இறங்கி, மூடியதும் ஏறும். புதுக் கண்ணாடிக்கு அந்த எல்லையைக் கம்ப்யூட்டர் மாட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுத்தார்களா என்று கேட்டு, வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் விடுங்கள். சத்தத்துக்குப் பழகிக்கொள்ளச் சொன்னால் பழகாதீர்கள்.

வாசகர், பழனி: உடையாத கண்ணாடி போட்ட எலெக்ட்ரிக் கார் ஏதாவது உண்டா?

2019 நவம்பரில் டெஸ்லா சைபர்டிரக்கை அறிமுகம் செய்த மேடையில் இதே கேள்விக்குப் பதில் காட்ட முயன்றார்கள். வடிவமைப்பாளர் இரும்புக் குண்டை வீசினார். முன் ஜன்னலில் விரிசல். பின் ஜன்னலில் வீசிப் பார்த்தார். அதிலும் விரிசல். எலான் மஸ்க் அந்த இரண்டு விரிசலையும் பின்னால் வைத்துக்கொண்டே மிச்சப் பேச்சைப் பேசி முடித்தார்.

தோட்டக்காரர், தாண்டிக்குடி: இன்ஷூரன்ஸ் தருமா? ‘பம்பர் டு பம்பர்’ எடுக்கவில்லையே என்று மனைவி திட்டுகிறார்.

இந்த விஷயத்தில் திட்டு தேவையில்லை என்று வீட்டம்மாவிடம் சொல்லுங்கள். ‘பம்பர் டு பம்பர்’ காப்பாற்றுவது தேய்மானக் கழிவிலிருந்துதான். அந்தக் கழிவில் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் 50 சதவீதம் பிடிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. முழு பாலிசி இருந்தால் போதும், கண்ணாடி விலை முழுசாக வரும். பீடிங்கில் பாதியும் கட்டாயக் கழிவும்தான் கையை விட்டுப் போகும். வெறும் தேர்டு பார்ட்டி என்றால் ஒன்றுமில்லை. வேலையை ஆரம்பிக்கும் முன்பே தகவல் சொல்லி சர்வேயரைப் பார்க்கவிட வேண்டும், அதற்குத்தான் முதலில் போட்டோ எடுக்கச் சொன்னேன்.

ஆனால் ஆசைப்பட்டு உடனே க்ளெய்ம் போடாதீர்கள், ஒரு கணக்குப் போடுங்கள். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம், போனஸ் கழிக்காமல், ஆண்டுக்கு 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸில் இருக்கிறீர்கள். ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு போனஸ் பூஜ்யம். அப்புறம் க்ளெய்மே இல்லாமல் ஒவ்வொரு ஆண்டாக 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50. பிரீமியம் மாறாவிட்டால் அந்த ஐந்து ஆண்டில் நீங்கள் இழப்பது 50, 30, 25, 15, 5 ஆயிரங்கள். கூட்டினால் 1,25,000 ரூபாய். கண்ணாடி பில் அதற்குக் கீழே என்றால் கையிலிருந்து கட்டிவிட்டு மறந்துவிடுங்கள். போனஸைக் காப்பாற்றும் ஆட் ஆன் எடுத்திருந்தால் மட்டும் கணக்கு வேறு. பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்.

மாணவர், பட்டிவீரன்பட்டி: புதுக் கண்ணாடியில் கன்னங்கரேலென்று பிலிம் ஒட்டினால் கெத்தாக இருக்குமே?

கெத்தாகத்தான் இருக்கும், செக்போஸ்ட் வரைக்கும். பக்கக் கண்ணாடி வழியே குறைந்தது 50 சதவீத வெளிச்சம் போக வேண்டும், முன்னும் பின்னும் 70. பிலிமுக்கு உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தடை போட்டது. பிறகு விதி திருத்தம் வந்தது, அளவுக்குள் இருந்தால் தடுக்கக் கூடாது என்று 2024இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. கன்னங்கரேல் எந்தத் தீர்ப்பிலும் தேறாது.

வாசகர், ஒட்டன்சத்திரம்: அவசரத்துக்குக் கண்ணாடியை உடைத்து வெளியே வர ஒரு சுத்தியல் வாங்கி வைத்திருக்கிறேன். போதுமா?

உங்கள் ஜன்னல் டெம்பர்டு என்றால் உதவலாம். லேமினேட்டட் என்றால் சுத்தியல் அலங்காரப் பொருள். அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019இல் ஆறு கருவிகளைச் சோதித்தது. டெம்பர்டு கண்ணாடியை நான்கு உடைத்தன. லேமினேட்டடில் ஒன்றுகூடத் தேறவில்லை. மூலை முத்திரையை இன்றைக்கே பார்த்துவிட்டு, எந்த ஜன்னல் உடையும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

சுற்றுலாப் பயணி, மதுரை: புல்லாவெளி அருவியைப் பார்த்துவிட்டு வருவதற்குள் யாரோ பின் கண்ணாடியை உடைத்து லேப்டாப்பை எடுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் பணம் வருமா?

கண்ணாடிக்கு வரும். லேப்டாப்புக்கு வராது, அது காரின் பாகமல்ல. போலீஸில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் இன்ஷூரன்ஸ் பக்கம் போகாதீர்கள்.

தோட்டக்காரர், தாண்டிக்குடி: கடைசியாக ஒன்று. களை மெஷின் ஓட்டிய பையன் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கூடாது. அந்த மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டுங்கள். ஓடும்போது சுற்றி 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது என்று போட்டிருக்கும், அதாவது சுமார் 50 அடி. காரை அதற்குள் நிறுத்தியது நீங்கள். பையனுக்கு முகம் மூடும் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள், அந்தக் கல் அடுத்த முறை கார் பக்கம்தான் போகும் என்று உத்தரவாதமில்லை.